டாவிஸ்டாக்குக்கு மிச்சமிருக்கும் ஐந்தரை மைல்: பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ரயில் திட்டங்களுக்குக் கையெழுத்துப் போடுகிற, அப்புறம் அதே திட்டங்களைக் கிடப்பிலும் போடுகிற லண்டன் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதை ஆங்கிலத்தில் தனியாக அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவது, "இங்கிலாந்தில் எந்தக் குக்கிராமத்துக்கும் ரயில் போகுமாமே" என்று ஊரில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் என் சொந்தக்காரர்களுக்காகவும்தான்.

நான் இருப்பது டெவன் மாவட்டத்தின் மேற்கோரத்தில், டாவிஸ்டாக்கில். 1105-இல் அரசர் அனுமதி கொடுத்த சந்தை இன்னும் நடக்கிற ஊர், மக்கள்தொகை சுமார் 13,000. கிழக்கே டார்ட்மோர் மேட்டுநிலம் சுவர் மாதிரி நிற்கிறது, ஊருக்குள் டேவி ஆறு ஓடுகிறது, மேற்கே கொஞ்ச தூரத்தில் டேமர் ஆறு, அதைத் தாண்டினால் கார்ன்வால். அந்தப் பக்கம் போக கன்னிஸ்லேக்கில் 1520 வாக்கில் கட்டிய கருங்கல் பாலத்தில், ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டி மட்டும் என்று வரிசையில் நின்றுதான் போக வேண்டும். பார்க்க அழகுதான், தினமும் அந்த வழியில் வேலைக்குப் போகிறவர்களிடம் அழகைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள்.

மற்றபடி எங்களுக்கு இருப்பது ஏ386 சாலை. தெற்கே 15 மைலில் பிளிமத், வேலை, பெரிய மருத்துவமனை, கல்லூரி எல்லாம் அங்கேதான். வழியில் ரோபரோ மேட்டில் வேலியே கிடையாது, மட்டக்குதிரையும் ஆடும் சாலை நடுவே நின்று உங்களையே பார்க்கும். போன குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை, அடுத்தடுத்து இரண்டு பஸ் வராமல், மூன்றாவதில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தேன். அதற்கு பஸ் ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாக் கூட்டத்தையும் ஒரே சாலையில் தள்ளிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

ஒரு காலத்தில் இந்த ஊருக்கு ஒன்றல்ல, இரண்டு ரயில் நிலையம். தெற்கு நிலையத்துக்கு 1962 டிசம்பரில் மூடுவிழா, கடைசி ரயில்கள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு பயணிகள் ராத்திரி முழுக்கத் தவித்தார்களாம். வடக்கு நிலையம் 1968 மே மாதம் போனது. அது சும்மா ஒரு கிளைப்பாதை இல்லை, பிளிமத்திலிருந்து டாவிஸ்டாக், ஓக்ஹாம்ப்டன் வழியாக எக்ஸிடருக்கும் லண்டனுக்கும் போன முக்கியப் பாதை. ஊருக்கு மேலே அந்த ரயில் போன எட்டு வளைவுப் பாலம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது, மேலே நடைபயிற்சிக்காரர்கள் போகிறார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி, பழைய சரக்கு யார்டில் உள்ளாட்சி மன்றத்தின் அலுவலகத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். இதை என்னவென்று சொல்ல?

அந்தப் பாதையில் பிளிமத்திலிருந்து பியர் ஆல்ஸ்டன் கிராமம் வரை மட்டும் தப்பித்தது, காரணம் உங்கள் தயவு இல்லை, டேவிக்கும் டேமருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த நிலத்தில் பஸ் விடுகிற மாதிரி ரோடு இல்லை என்பதுதான். பிளிமத்திலிருந்து வருகிற ரயில் அங்கே நிற்கும், ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடப்பார், ரயில் திரும்பி கன்னிஸ்லேக்குக்குப் போகும். நேரே போனால் ஐந்தரை மைலில் டாவிஸ்டாக். ஆனால் அந்தப் பக்கம் தண்டவாளம் இல்லை.

இந்த ஐந்தரை மைலுக்குத்தான் இத்தனை வருடப் பேச்சு. ஊரின் தென்மேற்கில் 750 வீடு கட்டுகிற திட்டத்தோடு ரயிலையும் சேர்த்துத்தான் பேசினார்கள். வீடுகள் எழும்பின, ரயில் பேச்சோடு நிற்கிறது. 2023 அக்டோபரில் லண்டனிலிருந்து வடக்கே போக வேண்டிய ஹெச்.எஸ்.2 அதிவேக ரயிலின் வடக்குப் பகுதியை ரத்து செய்தபோது, மிச்சமாகும் பணத்தில் செய்வோம் என்று நீங்கள் போட்ட பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியதும், மூடிய பாதைகளை மறுபடி திறக்கிற ரயில்பாதை மீட்புத் திட்டமே போய்விட்டது. பணமில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் அதே திட்டத்தில் 2021 நவம்பரில் ஓக்ஹாம்ப்டன் பாதையை சுமார் 4 கோடி பவுண்டில் திறந்தீர்களே, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஏறினார்களே, அந்தக் கணக்கை ஏன் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை?

உண்மையைச் சொன்னால், நான் வேலை பார்க்கும் இடம் பிளிமத்தின் வடக்கு ஓரத்தில், ரயில் வந்தாலும் நான் பாதி நாள் பஸ்ஸில்தான் போவேன். இருந்தாலும் கேட்கிறேன். எக்ஸிடரிலிருந்து பிளிமத்துக்கு வரும் ஒரே ரயில்பாதை டாலிஷ் என்ற ஊரில் கடலை ஒட்டி ஓடுகிறது. 2014 பிப்ரவரியில் அங்கே கடல் சுவர் உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியபோது, பிளிமத்துக்கும் கார்ன்வால் முழுக்கவும் நாட்டின் மற்ற பகுதிகளோடு இரண்டு மாதம் ரயில் தொடர்பு இல்லை. மாற்றுப்பாதையாக இருந்திருக்க வேண்டியது எங்கள் ஊர் வழிதான். ஓக்ஹாம்ப்டன் வரை பாதை இருக்கிறது, பியர் ஆல்ஸ்டன் வரை இருக்கிறது. நடுவில் மட்டும்தான் ஓட்டை.

முழுப் பாதையையும் நாளைக்கே கேட்கவில்லை. முதலில் பியர் ஆல்ஸ்டன் - டாவிஸ்டாக் துண்டைத் தனியாக எடுத்து, கட்டுவோம் அல்லது கட்டமாட்டோம் என்று ஒரு பதில் சொல்லுங்கள். கட்டமாட்டோம் என்றால்கூட, அதற்கு வடக்கே ஓக்ஹாம்ப்டன் வரை பழைய பாதை ஓடிய நிலத்தில் இனி யாரும் வீடோ அலுவலகமோ கட்டாதபடி சட்டப்படி ஒதுக்கி வையுங்கள், அதற்குப் பெரிய செலவு ஆகாது. தயவுசெய்து "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் போட வேண்டாம், அந்தக் கடிதம் எங்கள் ஊரில் நிறைய வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஏ386-இல் தினமும் நிற்கும் ஒருவன்