புதியவர்களுக்காக ஓர் ஆண்டு: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதன்முதலாக நாயை ஷோவுக்கு, அதாவது நாய்க் கண்காட்சிக்கு, கொண்டுவர விரும்பும் உறுப்பினர்களுக்குத்தான் இந்த ஆண்டு முன்னுரிமை என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கான காரணம் பழைய உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆசையோடு முதல் ஷோவுக்கு வருகிறவர்களில் பலர் அடுத்த ஷோவுக்கு வருவதில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தால், பரிசு கிடைக்காதது அவர்களுக்குப் பெரிய வருத்தமாக இருப்பதில்லை. நடுவர் நாய்களை மதிப்பிடும் களமான ரிங்குக்குள் என்ன நடக்கும் என்று ஒருவரும் முன்கூட்டியே சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம். நடுவர் பல்லைப் பார்க்கக் கை நீட்டுகிறார், நாய் மிரண்டு பின்வாங்குகிறது, சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்கள். ஆசை அந்த இடத்திலேயே வற்றிவிடுகிறது. முன்னதாகச் சொல்லிக் கொடுத்தால் தவிர்க்கக்கூடிய விஷயம் இது. சொல்லிக் கொடுப்பது சங்கத்தின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே ஆண்டின் முதல் கூட்டங்களில் நாய்களையே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நடுவர் எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் பேசினோம். ரிங்கில் நிற்கும் நாய்களில் எது அழகு என்று அவர் தேடுவதில்லை. ஒவ்வொரு நாயையும் அதன் இனத்துக்கென்று எழுதி வைத்திருக்கும் பிரீட் ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுகிறார், எது அதற்கு நெருக்கமாக இருக்கிறதோ அது முன்னே வருகிறது. அந்த ஸ்டாண்டர்டும் பல இனங்களில் வேலையிலிருந்து பிறந்ததுதான். லாப்ரடாருக்கு நீர் புகாத இரட்டை ரோமமும், அடியில் பருத்த நீர்நாய் வாலும் கேட்பது, குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் பறவையை எடுத்துவரும் வேலைக்காக. டாக்ஷண்டுக்குக் குட்டைக் காலும் நீண்ட உடலும் வந்தது, வளைக்குள் நுழையும் வேலைக்காக. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த ஷோவில் பாயின்டர், செட்டர் என்று துப்பாக்கி வேட்டைக்கான நாய்கள் மட்டுமே நின்றன, பரிசாகத் துப்பாக்கியே கொடுத்தார்கள். அடுத்த தலைமுறைக்கு எந்த நாய் தகுதியானது என்று பார்ப்பதே ஷோவின் அடிப்படை. கருத்தடை செய்த நாய்க்குப் பல நாடுகளின் ஷோக்களில் முக்கிய வகுப்புகளில் இடமில்லாததும், ஆண் நாய்க்கு இரண்டு விரைகளும் இறங்கியிருக்கிறதா என்று நடுவர் தொட்டுப் பார்ப்பதும் இதனால்தான். இந்தக் காரணங்கள் புரிந்தபின், புதியவர்கள் தங்கள் நாயைப் பார்க்கும் பார்வையே மாறியதை நான் நேரில் கண்டேன்.

ஆவணங்கள் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழ், உரிமையாளர் பெயர் மாற்றம், மைக்ரோசிப் எண், தடுப்பூசிப் பதிவு, இவை நான்கும் கையில் இருக்கட்டும். குட்டியை வாங்கும்போதே பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம். பதிவு பெரும்பாலும் ஷோவுக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். எந்த வகுப்பில் போடுவது என்ற கேள்வி அடிக்கடி வந்தது. சர்வதேச நாய் அமைப்பான எஃப்சிஐயின் விதிப்படி 6 முதல் 9 மாதம் வரை பப்பி, 9 முதல் 18 மாதம் வரை ஜூனியர், 15 முதல் 24 மாதம் வரை இன்டர்மீடியட், 15 மாதத்திலிருந்து ஓப்பன். வேறு அமைப்புகளில் வயது வரம்பு மாறும், அந்தந்த ஷோவின் அறிவிப்பைப் படித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

அப்புறம், ரிங் பயிற்சி. இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, பலனும் இதில்தான் தெரிந்தது.

பயிற்சியைப் பல்லிலிருந்து தொடங்கினோம். உதட்டைத் தூக்கி முன்பற்களின் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்பதைக் காட்டுவது, பிறகு இரண்டு பக்கமும் காட்டுவது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், சில இனங்களில் நடுவர் கடைவாய் வரை எண்ணுவார். குட்டியாக இருக்கும்போதே தினமும் சில நொடிகள் உதட்டைத் தூக்கிப் பார்த்து, ஒரு சின்ன ஈரல் துண்டு கொடுத்துப் பழக்கினால் பின்னால் தொல்லையே இல்லை. பல் முளைக்கும் பருவத்தில் மட்டும் ஈறு வலிக்கும், அப்போது வற்புறுத்தாதீர்கள். அந்த வலியோடு சேர்ந்த பயம் நாயின் மனதில் நெடுநாள் தங்கிவிடும். வீட்டு ஆட்கள் மட்டும் தொட்டால் போதாது என்பதால், பயிற்சியில் உறுப்பினர்கள் மாறி மாறி நடுவராக நின்றார்கள். தொப்பி போட்டவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், உயரமானவர், கனத்த குரல்காரர் என்று எல்லோரையும் நாய்கள் பார்த்துவிட்டன. குட்டி மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை புதிய மனிதர்களையும் சத்தங்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்தப் பருவத்தை வீணாக்கக் கூடாது.

அடுத்தது நிற்க வைப்பது, அதாவது ஸ்டாக்கிங். முன்னங்கால்கள் தோளுக்கு நேர்கீழே செங்குத்தாக, பின்னங்கால்களில் கணுவுக்குக் கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக இருப்பது பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒரு பின்னங்காலை உடலுக்கு அடியில் முன்தள்ளி வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே உங்கள் இனத்தில் அனுபவமுள்ளவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தைப் பிடித்து இழுக்காமல், முன்காலை முழங்கையிலும் பின்காலை கணுவுக்கு மேலேயும் பிடித்து வைத்தால் நாய் எதிர்ப்பதில்லை. குட்டிக்கு ஐந்து நொடி நின்றாலே பெரிய விஷயம். அது நகர்வதற்கு முன்பே பாராட்டிவிட்டு விட்டுவிடுங்கள். சலிக்கும் வரை நிற்க வைத்த குட்டி, ரிங்கில் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நிற்கும்.

நடையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறினார்கள். நடுவர் நேராகப் போய் வரச் சொல்வார், முக்கோணமாக ஓடச் சொல்வார், பிறகு வட்டம். நாய் விலகிப் போகும்போது பின்னங்கால்களையும், எதிரே வரும்போது முன்னங்கால்களையும், பக்கவாட்டில் ஓடும்போது எட்டுவைக்கும் நீளத்தையும் முதுகுக் கோட்டையும் பார்க்கிறார். நாய் பொதுவாக நம் இடப்பக்கம், நமக்கும் நடுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். வாரை இறுக்கிப் பிடித்தால் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பி நடை கெட்டுப்போகும். சீரான டிராட் நடைக்கு, அதாவது மெல்லோட்டத்துக்கு, நாம் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பது நாய்க்கு நாய் மாறும், அதை வீடியோவில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். முதலில் நாய் இல்லாமல், கையில் வாரோடு முக்கோணத்தை ஓடிப் பழகச் சொன்னோம். சிலர் வெட்கப்பட்டார்கள். ஓடிப் பழகியவர்கள் ரிங்கில் வழி தவறவே இல்லை.

ஷோ நடக்கும் இடங்களுக்கு நாயில்லாமல் குழுவாகப் போய்வந்ததையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கேட்டலாக் (கலந்துகொள்ளும் நாய்களின் பட்டியல்) வாங்கிக்கொண்டு ஒரே ரிங்கின் ஓரத்தில் காலையிலிருந்து உட்கார்ந்தால், அந்த நடுவர் எந்த வரிசையில் வேலை செய்கிறார் என்பது விளங்கிவிடும். நம் முறை வரும்போது தடுமாற்றம் இருக்காது. நாயை ரிங்கில் நடத்திக் காட்டும் ஹேண்ட்லர்களிடம் பேசுவதாக இருந்தால், அவர்கள் ரிங்கை விட்டு வெளியே வந்து மூச்சு வாங்கிய பிறகு பேசுங்கள். அனுமதி கேட்காமல் யார் நாயையும் தொடாதீர்கள்.

‘என் நாய் ஷோவுக்குத் தேறுமா?’ என்று கேட்டவர்களுக்கு, மூத்த உறுப்பினர்கள் ஸ்டாண்டர்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி. முகம் வாடுமே என்று மழுப்பினால் அந்தக் குடும்பத்தின் பணமும் நாளும்தான் வீணாகும். தேறாது என்று சொல்லப்பட்ட நாய்களில் சில இப்போது கீழ்ப்படிதல் பயிற்சியில் நன்றாக வருகின்றன. ஜூனியர் ஹேண்ட்லிங்கில் நடுவர் மதிப்பிடுவது பிள்ளை நாயைக் கையாளும் திறமையை என்பதால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல்.

உடல்நலம் பற்றி நிர்வாகக் குழுவின் நிலைப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2012இல் பிரிட்டனின் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸ் ஷோவில், அந்நாட்டின் கென்னல் கிளப் 15 இனங்களில் பெஸ்ட் ஆஃப் பிரீட் (இனத்தில் முதலிடம்) பெற்ற நாய்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியது. அவற்றில் தேறாத நாய்கள் பல இனங்களின் வெற்றியாளர்கள் போட்டியிடும் குரூப் சுற்றுக்குப் போக முடியவில்லை. சிலருக்குக் கோபம் வந்தது, ஆனால் அது சரியான முடிவு என்பதே என் கருத்து. மூச்சுவிடச் சிரமப்படும் நாயையும், நொண்டும் நாயையும் நம் சங்கத்தின் பெயரில் ரிங்குக்குள் கொண்டுபோகக் கூடாது. வெயிலில் வண்டிக்குள் நாயைப் பூட்டி வைப்பவர்களுக்கு நம் குழுவில் இடமில்லை.

சாம்பியன் பட்டம் பற்றிய அவசரம் புதியவர்களிடம் தெரிகிறது. பிரிட்டனில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் சாலஞ்ச் சான்றிதழ் (இனத்தின் சிறந்த ஆண் நாய்க்கும் சிறந்த பெண் நாய்க்கும் தருவது) பெற வேண்டும். அமெரிக்காவில் 15 புள்ளிகள் வேண்டும், அதிலும் இரண்டு வெற்றிகள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி தரும் பெரிய வெற்றிகளாக, வெவ்வேறு நடுவர்களிடம் வந்திருக்க வேண்டும். ஒருவர் கருத்தில் முடிந்துவிடக் கூடாது என்றுதான் விதியே அப்படி இருக்கிறது. ஒரு நடுவரிடம் கடைசியில் நின்ற நாய் இன்னொருவரிடம் முதலில் நிற்கலாம். ஆகவே எந்த இடம் கிடைத்தாலும் வென்றவரிடம் போய் வாழ்த்துச் சொல்லுங்கள், நடுவரின் எழுத்துக் குறிப்பு கிடைத்தால் பத்திரமாக வையுங்கள், நாயைத் தட்டிக்கொடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறது. முதல் ஷோவுக்குப் போகும் ஒவ்வொரு புதிய உறுப்பினரோடும் அன்று முழுக்க ஒரு மூத்த உறுப்பினர் கூடவே இருக்க வேண்டும். குட்டிகளை மேசைமேல் நிற்க வைத்துப் பழக்கும் மேசைப் பயிற்சியைப் பெரிய நாய்களின் பயிற்சியிலிருந்து பிரித்து, வேறொரு நாளில் நடத்த வேண்டும். மூத்தவர்கள் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுத்தால் பட்டியலை இன்றே போட்டுவிடலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்