டெங்கு இல்லையென்றால் வேறென்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்த காய்ச்சல் என்றாலே டெங்குப் பரிசோதனைக்கு அனுப்புவது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. அது தேவைதான். ஆனால் டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் நீலகிரியின் கூடலூர், மசினகுடி போன்ற காட்டோரப் பகுதிகளிலிருந்து வருபவருக்கு டெங்கு இல்லையென்று முடிவு வந்தால், 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று எழுதி அனுப்பிவிடாமல் குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட இந்நோய், உண்ணி கடிப்பதால் பரவுகிறது; குரங்குகளும் இதனால் இறக்கின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. 2012–13 பருவத்தில் பந்திப்பூரிலும், நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் இவ்வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வயநாட்டிலும் பலர் பாதிக்கப்பட்டனர். ஆகவே இதை அயல் மாநிலத்து நோய் என்று ஒதுக்க இயலாது.

உண்ணி கடித்த 3 முதல் 8 நாட்களில் குளிருடன் திடீரெனக் கடுங்காய்ச்சல், நெற்றிவலி, படுக்கையில் புரளவும் முடியாத தசைவலி, கண் சிவப்பு, வாந்தி ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு மூன்று நான்கு நாட்கள் கழித்து மூக்கு, ஈறு, குடல் ஆகியவற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைவதால் டெங்குவிலிருந்து பிரித்தறிவது கடினமே. காய்ச்சல் தணிந்து தேறிவந்தவருக்கு மூன்றாம் வாரத்தில் மீண்டும் காய்ச்சலும் மனக்குழப்பமும் நடுக்கமும் வந்தால் ஐயம் வலுக்க வேண்டும். 10 முதல் 20 விழுக்காட்டினரிடம் இவ்விரண்டாம் கட்டம் காணப்படுகிறது. இறப்பு 3 முதல் 5 விழுக்காடு.

விறகு பொறுக்கினீர்களா, மாடு மேய்த்தீர்களா, அருகில் குரங்கு இறந்து கிடந்ததா என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆயினும் புறநோயாளர் சீட்டுகளில் இக்குறிப்புகளைக் காண்பது அரிது. முதல் வாரத்தில் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனையும், பின்னர் எதிர்ப்பொருள் பரிசோதனையும் நோயை உறுதிசெய்யும். ஆய்வகப் பணியாளர்களுக்கும் இவ்வைரஸ் தொற்றிய வரலாறு உண்டு என்பதால், மாதிரியை அனுப்பும்போதே ஐயத்தைத் தெளிவாகக் குறிப்பிடுவது அவசியம். தனி மருந்து கிடையாது; நீர்ச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் காப்பதும், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகளைத் தவிர்ப்பதுமே சிகிச்சை.

காட்டில் குரங்கு இறந்த செய்தி வனத்துறைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், அன்றே அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எட்டுமாறு மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.