பெண்களுக்கான தண்ணீர் முதுகுப்பை விலை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அக்காமார், தங்கைமார், அண்ணன் தம்பிகள் அனைவருக்கும் வணக்கம்.

மலைச்சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கான ஹைட்ரேஷன் பைக்கு, அதாவது முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாகத் தண்ணீர் குடிக்கும் பைக்கு, 18 சிங்கப்பூர் வெள்ளி விலை கூட்டியிருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சு என்பதால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விலை ஏறிவிட்டதே என்று கேட்பவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் கிடையாது. ஆனால் "ஆம்பளைங்க பையவே ஊதா கலர்ல தச்சு, பொம்பளைங்ககிட்ட கூடக் காசு பிடுங்குறாங்க" என்று ஒருவர் எழுத, அதற்குப் பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு பையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் பையில் தோள் வார் ஏறக்குறைய நேராக இறங்கும். பெண்கள் பையில் அது வளைந்து மார்பைச் சுற்றிக்கொண்டு அக்குள் பக்கம் போகும். தோள் அகலம் குறைவு, இடுப்பு வாரும் சாய்வாகத் தைத்தது. எல்லாவற்றையும்விட முக்கியம் முதுகு நீளம். தலை குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை நாடாவால் அளந்து பாருங்கள். பெண்களுக்குப் பொதுவாக அது குறைவாகத்தான் வரும். அந்த முதுகில் நீளப் பையை மாட்டிக்கொண்டு செஸ்ட்நட் பூங்காவில் இறக்கம் இறங்கினால், பையின் மேல்முனை ஹெல்மெட்டின் பின்பக்கம் இடிக்கும். தலையை நிமிர்த்திப் பாதையைப் பார்க்க முடியாது. 2 லிட்டர் தண்ணீரே 2 கிலோ. அந்தக் கனம் முதுகோடு ஒட்டி நிற்காவிட்டால், புக்கிட் தீமா தடத்தில் வேருக்கு வேர் பை ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம்.

ஆண்கள் பையே சரியாகப் பொருந்தும் பெண்களுக்கு அதையேதான் எடுத்துக் கொடுக்கிறோம், விலை குறைவு என்றும் சொல்லியே கொடுக்கிறோம். முதுகு குட்டையான சில அண்ணன்மார் பெண்கள் பை வாங்கிப் போனதும் உண்டு. குழுவில் அவர்கள் வாயே திறக்கவில்லை.

ஆண்கள் பை பெட்டி பெட்டியாக வருகிறது. பெண்கள் பை கொஞ்சமாக எடுப்பதால் ஒவ்வொன்றின் தலையிலும் கப்பல் கூலி அதிகமாக விழுகிறது. பொருள், சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியபோது இந்தப் பையின் விலையை நாங்கள் தொடவில்லை. வாடகை கூடியபோதும் தொடவில்லை. இந்த முறை தாங்க முடியவில்லை. உள்ளே வைக்கும் தண்ணீர் உறை இனி தனி விலை. பழையது கைவசம் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் உறையை நன்றாக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் 100 பிளஸ் மாதிரிச் சர்க்கரை கலந்த பானமெல்லாம் ஊற்றாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். வீடு திரும்பியதும் கழுவி, குழாயையும் வாய்முனையையும் கழற்றிக் காயவிடுங்கள். காய நேரமில்லையா, தண்ணீரை வடித்துவிட்டு ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் "நாங்க அங்கதான் வாங்குறோம், ஒரு குறையும் இல்ல" என்று குழுவில் எழுதிய அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சாங்கியில் பம்போட் படகு ஏறி உபின் தீவுக்குப் போய், கெத்தாம் தடத்தில் ஓட்டிவிட்டு, அந்தச் சேற்றோடு கறிபஃப் பொட்டலமும் கையுமாகக் கடைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை மகளிர் கூட்டத்தை நம்பித்தான் இந்தப் பையைத் தொடர்ந்து வரவழைக்கிறோம்.

முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான். பழைய பையில் கொக்கி உடைந்திருந்தாலோ வார் பிரிந்திருந்தாலோ கொண்டு வாருங்கள், தைத்துத் தருகிறோம். புதுப் பை பார்க்க வருகிறவர்கள் சொந்த ஹெல்மெட்டோடு வந்தால் நல்லது. தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் உட்கார்ந்து குனிந்து பார்த்த பிறகு காசு கொடுத்தால் போதும். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.

அன்புடன்,
கடைக்காரர்