கொழிஞ்சாம்பாறையிலிருந்து பங்காளிக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 12

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கரண்ட் போய்விடுகிறது. ஆடிக் காற்று இந்த வருஷம் கணவாய் வழியாக அப்படி அடித்துக்கொண்டு வருகிறது. மட்டை முறிந்து லைனில் விழாத நாளே இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, ஆனாலும் விடிந்ததும் தோப்புக்குக் கிளம்பிவிடுகிறார். பெரியவள் ஏழாவது போயிருக்கிறாள், தமிழ் மீடியம்தான். பஸ்ஸில் மலையாளம், வீட்டில் நம்ம பேச்சு என்று இரண்டும் அவளுக்குத் தடங்கலில்லாமல் வருகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

இனி நீ கேட்ட விஷயம். நெட்வொர்க் சிப்பை இயக்கும் பழைய லினக்ஸ் டிரைவர் ஒன்று உன் கைக்கு வந்திருக்கிறது, அந்த மாட்யூலைக் கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) கழற்றப் போனால் அந்தக் கட்டளை திரும்பி வருவதே இல்லை, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். சாதனத்தைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் ப்ரோப் ஃபங்ஷனின் அடியிலிருந்து ஆரம்பி. ஒரு படி தோற்றால் குதித்து வந்து, வாங்கியதையெல்லாம் விடுவிக்கும் லேபிள்கள் வரிசையாக நிற்கும் இடம் இருக்கிறதே, அங்கிருந்து. எல்லாம் சரியாக நடக்கும் பாதையை எழுதினவர் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். தோற்றுத் திரும்பும் பாதையை ஒரு தடவைகூட ஓட்டியிருக்க மாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன். அது எனக்கு உறைத்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கஞ்சிக்கோடு பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தபோது, தோப்பு மோட்டார்களைத் தூரத்திலிருந்து கவனிக்கும் பெட்டி ஒன்று செய்தோம். வேலந்தாவளம் தாண்டி ஒரு மோட்டார் ரூமில் வைத்த பெட்டி, கரண்ட் போய் வந்தால் சில சமயம் நெட்வொர்க் இல்லாமலே எழுந்து நிற்கும். மறுபடி அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் மேசையில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. கடைசியில் லேப்டாப்பையும் சீரியல் கேபிளையும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் லேப்டாப், காலடியில் ஈரத் தரை.

லாகில் இரண்டு எண்கள் இருந்தன. முதலில் மைனஸ் 517, சற்று நேரம் கழித்து மைனஸ் 16. 517 என்பது உண்மையில் தோல்வி இல்லை, உனக்கே தெரியும். ‘எனக்கு வேண்டியது இன்னும் வந்து சேரவில்லை, பிறகு கூப்பிடு’ என்று டிரைவர் கெர்னலிடம் சொல்வது. நெட்வொர்க் கேபிளோடு பேசும் ஃபி சிப்பின் ரீசெட் கம்பி, கூடுதல் பின்கள் தரும் ஜிபிஐஓ எக்ஸ்பாண்டர் என்ற தனிச் சிப்பில் இருந்தது. மேசையில் இருந்த கெர்னலில் அதற்கான டிரைவர் உள்ளேயே கட்டப்பட்டிருந்தது, தோப்புக்குப் போன பெட்டியில் அது தனி மாட்யூல். அதனால் சில தடவை நாங்கள் முந்திக்கொண்டோம். 16 என்றால் ‘வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்’ என்று அர்த்தம். சிப் கெர்னலைக் கூப்பிடும் எங்கள் இன்டரப்ட் லைனை வேறு யார் பிடிப்பது?

இன்டரப்ட் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எங்கள் எண்ணுக்கு நேரே ஒருவர் பதிவாகி இருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நான்கு குப்பை எழுத்துகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது நாங்களேதான். முதல் தடவை ப்ரோப் ஓடும்போது இன்டரப்டை வாங்கிவிட்டோம். அடுத்த படியில் 517 வந்ததும், இன்டரப்டைத் திருப்பிக் கொடுக்கும் லேபிளுக்குப் போகாமல் அதற்குக் கீழே இருந்த லேபிளுக்குக் குதித்துவிட்டோம். கிளாக்கை நிறுத்தினோம், இன்டர்ஃபேஸின் விவரம் இருக்கும் நெட்டெவ் மெமரியை விடுவித்தோம், வெளியே வந்துவிட்டோம். இன்டரப்டில் எழுதியிருந்த பெயர் அந்த மெமரிக்குள் இருந்த பெயர். மெமரி வேறு யாருக்கோ போய்விட்டது, அவர் எழுதியதுதான் அந்தக் குப்பை எழுத்து. இறந்தவர் பேரில் பட்டா இருக்கிற மாதிரி. அந்த நேரத்தில் ஒரே ஒரு இன்டரப்ட் வந்திருந்தால், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் போய்த் தொட்டிருப்பது பிறத்தியாருடைய மெமரியை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

திருத்தியது ஒரே ஒரு சொல், லேபிளின் பெயர். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். லேபிளுக்கு ‘எர்ர் 1’, ‘எர்ர் 2’ என்று எண் போடுவதில்லை. எங்கிருந்து வந்தது என்றும் எழுதுவதில்லை. அங்கே போனால் என்ன விடுவிக்கப்படும் என்பதையே பெயராக வைக்கிறேன். குதிக்கும் வரியைப் படிக்கும்போதே, நான் கடைசியாக வாங்கியது இதுதானா என்று கண் கேட்டுவிடும். இன்னொன்று, இன்டர்ஃபேஸைக் கெர்னலில் பதிவு செய்யும் ரெஜிஸ்டர் நெட்டெவ் எப்போதும் கடைசியாக வரட்டும். அது முடிந்த அந்த நொடியிலேயே யாராவது இன்டர்ஃபேஸை மேலே கொண்டுவரலாம், அதற்கான ஓப்பன் ஃபங்ஷன் ஓடலாம். அதன் பிறகு நீ இன்னும் எதையாவது தயார் செய்துகொண்டிருந்தால், அரைகுறையாகக் கட்டின வீட்டுக்குள் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் தோப்பில் அப்பா சொட்டுநீர் லைனை அடைத்துக்கொண்டிருந்தார். எடுபிடிக்கு வந்த பையன் வால்வில் கை வைத்ததும் ஒரு சத்தம் போட்டார்: “மோட்டார நிறுத்தாம வால்வ அடைக்காத சாமி, பைப்பு வெடிச்சுப் போகும்!” இன்டர்ஃபேஸைக் கீழே இறக்கும்போது ஓடும் ஸ்டாப் ஃபங்ஷனை யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன். முதலில் வரத்தை நிறுத்து. க்யூவை நிறுத்து, சிப்பில் இன்டரப்டை மூடு, பாக்கெட்டுகளைத் தொகுப்பாக எடுக்கும் நாப்பியை டிஸேபிள் செய், சிப் நேரடியாக மெமரியைத் தொடும் டிஎம்ஏ உண்மையிலேயே நின்றதா என்று சிப்பைக் கேள், டைமரும் வொர்க்கும் முடியும்வரை காத்திரு. அப்புறம்தான் பஃபர்களின் வட்ட வரிசையான ரிங்கையும் பஃபரையும் விடுவிக்க வேண்டும். சிப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் பஃபரைப் பிடுங்கினால், பாக்கெட் போய் விழுவது வேறொருவர் மெமரியில்.

வாங்கினதைத் தானாகவே விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பாய். 2007-இல் 2.6.21 கெர்னலோடு வந்தவை அவை. லேபிள்களைப் பாதியாகக் குறைத்துவிடும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாதி டெவ்எம், பாதி கைவேலை என்று கலந்தால்தான் ஆபத்து. டெவ்எம் மூலம் வாங்கினவை, டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் முடிந்த பிறகுதான், வாங்கினதற்கு எதிர்வரிசையில் விடுபடும். இன்டரப்ட் டெவ்எம்மில் இருந்து, நெட்டெவ்வை நீ ரிமூவுக்குள் கையால் விடுவித்தால், நடுவே ஒரு சந்து இருக்கிறது. மெமரி இல்லை, இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது. வேலந்தாவளத்தில் பார்த்த அதே பிசாசு, வேறு வாசல் வழியாக. 2023-இல் 6.5 கெர்னலில் ஸ்கோப் முடிந்ததும் தானாக விடுவிக்கும் வசதியும் வந்தது. நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள் தங்கள் வழிகாட்டி ஆவணத்திலேயே, இந்த மாதிரித் தானியங்கி விடுவிப்புகளையெல்லாம் டெவ்எம் உட்பட ஐயத்தோடுதான் பார்க்கிறோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நெட்வொர்க் டிரைவரில் எது எப்போது போகிறது என்பதுதான் முழு விஷயமுமே, அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பாக்கெட் ஓடும் பாதையில் இரண்டு இடம் பார். டிரான்ஸ்மிட்டில், பஃபரைச் சிப்புக்குக் காட்டும் டிஎம்ஏ மேப்பிங் தோற்றால், பாக்கெட்டைத் தாங்கும் எஸ்கேபியை விடுவித்துவிட்டு ‘ஓகே’ என்றே திரும்ப வேண்டும். விடுவித்த பிறகு ‘பிஸி’ என்று சொன்னால், மேலே இருப்பவர் அதே எஸ்கேபியை மறுபடி அனுப்புவார். செத்த பாக்கெட் இரண்டாம் முறை வரும். துண்டு துண்டாக மேப் செய்யும்போது நான்காவது துண்டு தோற்றால் முந்தின மூன்றையும் அன்மேப் செய்கிறதா என்றும் பார். ரிசீவில், புதிய பஃபர் கைக்கு வந்த பிறகே பழையதை மேலே அனுப்ப வேண்டும். கிடைக்கவில்லையா, அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டு, டிராப் கணக்கில் ஒன்று கூட்டி, பழைய பஃபரையே ரிங்கில் திரும்ப வை. இல்லாவிட்டால் மெமரி நெருக்கடியில் ரிங் மெல்ல மெல்லக் காலியாகி, ஒரு நாள் ரிசீவே நின்றுபோகும்.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. 1970 பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, மணக்கடவில் அளந்து தர வேண்டும். வந்ததா இல்லையா என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு உண்டு. அளக்கிற இடம் ஒன்று இருப்பதால்தான் அந்தப் பேச்சாவது பேச முடிகிறது. பவர் மேனேஜ்மெண்டில் ‘கெட் சிங்க்’ என்று சாதனத்தை எழுப்பும் அழைப்பு தோற்றாலும் பயன்பாட்டுக் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடும். தோற்றதுதானே என்று திருப்பிக் கொடுக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். 2020-இல் 5.10 கெர்னலில் ‘ரெஸ்யூம் அண்ட் கெட்’ வந்தது, அது தோற்றால் கணக்கைத் தானே பழையபடி வைக்கும். உன் டிரைவர் பழையது என்றாய், அதனால் இதைத் தேடிப் பார்.

சோதிக்க நான் செய்வது இது. ப்ரோப்பின் ஒவ்வொரு படியையும் வேண்டுமென்றே ஒரு தடவை தோற்க வைக்கிறேன். மாட்யூல் பாராமீட்டரில் எண் கொடுத்தால் அந்தப் படி பிழையோடு திரும்பும். மெமரித் தவறைப் பிடிக்கும் கேஏசானும் கசிவைப் பிடிக்கும் கேமெம்லீக்கும் போட்ட கெர்னலில், படிக்கு 200 தடவை டிரைவரைச் சாதனத்தோடு சேர்த்துப் பிரிக்கும் பைண்ட், அன்பைண்ட். ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் லாக் எல்லாம் சொல்லிவிடும்.

கழற்றும் கட்டளை திரும்பாமல் தொங்குவதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் மேலே இருக்கும்போது அன்ரெஜிஸ்டர் நெட்டெவ் தானே ஸ்டாப்பைக் கூப்பிடும். ஸ்டாப்பில் நாப்பி ஒரு தடவை டிஸேபிள் ஆகிவிடும். அதற்குப் பிறகு ரிமூவும் ஒரு தடவை டிஸேபிள் செய்தால் அது முடிவில்லாமல் காத்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவையும் எனேபிள் செய்யாத நாப்பியை டிஸேபிள் செய்தாலும் அதே கதிதான், ஆகவே ஓப்பனின் தோல்விப் பாதையையும் பார். அடுத்த தடவை தொங்கும்போது இன்னொரு டெர்மினலில் இன்டர்ஃபேஸ் ஒன்றை மேலே ஏற்றிக் கீழே இறக்கிப் பார். அதுவும் தொங்கினால் எல்லா இன்டர்ஃபேஸ் மாற்றங்களுக்கும் பொதுவான ஆர்டிஎன்எல் பூட்டைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது, தவறு ஸ்டாப்பில். தொங்கவில்லை என்றால் ரிமூவில். லாகில் 10 நொடிக்கு ஒரு தடவை, இன்டர்ஃபேஸ் விடுபடக் காத்திருக்கிறேன், யூசேஜ் கவுன்ட் 1 என்று வந்தால் இரண்டும் இல்லை, யாரோ ரெஃபரன்ஸைத் திருப்பித் தரவில்லை. மூன்றில் எது என்று எழுது. ரிமூவ் ஃபங்ஷனையும் ஸ்டாப்பையும் அப்படியே நகலெடுத்து அனுப்பினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி