சீமெந்து மூட்டையும் பூனை மண்ணும்

ஸ்காபரோ, ரொறன்ரோ
22 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

கடிதம் பிந்தியதற்குக் காரணம் தபால் வேலைநிறுத்தம். நவம்பர் 15ஆம் திகதி தபால் ஊழியர்கள் 55,000 பேரளவில் வேலையை விட்டு இறங்கினார்கள். திரும்பி வந்தது இந்த 17ஆம் திகதிதான், அதுவும் அரசாங்கம் தலையிட்ட பிறகு. ஆனால் நத்தார் நெருங்கும் நேரத்தில் சனம் பொருள் வாங்குவதை நிறுத்துமா? பொதிகளெல்லாம் தனியார் கொம்பனிகளின் தலையில் விழுந்தன. கை போதாமல் ஆள் எடுத்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். வேலைநிறுத்தக்காரன் வயிற்றில் அடிக்காதே என்று சொல்லி வளர்த்தவர் நீங்கள். அவர்கள் வெளியே குளிரில் நிற்க, அவர்கள் தூக்க வேண்டியதை நான் தூக்கினேன். வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

அன்று தொலைபேசியில் அம்மா, "பெட்டி தூக்குகிற வேலைதானே" என்றபோது நீங்கள் பக்கத்தில் சிரித்தது கேட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் 50 கிலோ மூட்டை சுமந்தவர் சிரிக்கலாம். ஆனால் உங்கள் மூட்டைகள் எல்லாம் ஒரே நிறை, அப்பா. குனியும்போதே முதுகுக்குத் தெரியும், வரப்போவது என்னவென்று. இங்கே ஒவ்வொரு பெட்டியும் ஒரு புதிர். ஆள் உயரப் பெட்டிக்குள் தலையணை இருக்கும். பலத்தைத் திரட்டித் தூக்கினால் பின்னால் விழப் பார்ப்பேன். சப்பாத்துப் பெட்டி அளவில் ஒன்று இருக்கும், ஒற்றைக் கையால் எடுக்கப் போனால் அசையாது; உள்ளே காரின் பிரேக் தட்டுகள். இப்போது எதையும் தூக்குமுன் காலால் மெல்லத் தள்ளிப் பார்க்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, கால் தானாகக் கற்றுக்கொண்டது.

லொறியின் பெட்டி 53 அடி நீளம். கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரை வரை பொதிச் சுவர். மேலிருந்து எடுக்க வேண்டும். அவசரத்தில் நடுவில் இருந்து இழுத்தால் சுவர் முழுதும் நம் மேல் வரும். எடுத்ததை, முகவரி மேலே தெரியும்படி, ஓடுகிற பட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பட்டி நிற்காது. உங்கள் மூட்டைக்கும் என் பெட்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி நடக்கும் தூரம் உங்களுக்குச் சொந்தம். ஒரு பீடிக்கும் இடமிருந்திருக்கும். (அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.) எனக்கு ஐந்து மணித்தியாலத்துக்குள் அரை மணி நேர இடைவேளை சட்டப்படி உண்டு. அதற்குச் சம்பளம் இல்லை.

குளிரைப் பற்றி அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். கட்டடத்துக்குள் வெப்பம் உண்டுதான். ஆனால் லொறிக்குள் வெளியில் என்ன குளிரோ அதே குளிர். ஆனாலும் சிறிது நேரத்தில் உடுப்பு வியர்வையில் நனைந்துவிடும். நின்றால் அந்த வியர்வை குளிரும். ஆகவே நிற்காமல் இருப்பதே சுகம்.

ஆட்கள் என்னென்ன வாங்குகிறார்கள் என்று கேட்டீர்கள். டயர் வரும், பெட்டி இல்லாமல், ஒரு சீட்டு மட்டும் ஒட்டி. பனிக்காலத்துக்கென்று இங்கே காருக்குத் தனி டயர் போடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தல் வரும், குழாயில் நல்ல தண்ணீர் ஓடும் ஊரிலே. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காதது பூனை மண். வீட்டுக்குள் வளரும் பூனை மலங்கழிக்க மண் விற்கிறார்கள், அப்பா. அதை வாங்கி வீட்டு வாசல் வரை வருவிக்கிறார்கள். நம் வளவில் பூனை தானே தோண்டி மூடிவிட்டுப் போகும். இங்கே அதற்காக நான் இரவு முழுவதும் முதுகை வளைக்கிறேன்.

ஒரு நன்மை: கனடாவின் வரைபடம் மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொரு முகவரியிலும் ஓர் அஞ்சல் குறியீடு உண்டு, முதல் எழுத்து மாகாணத்தையோ பகுதியையோ காட்டும். 'எம்' என்றால் ரொறன்ரோ, அதிலும் 'எம்1' என்றால் எங்கள் ஸ்காபரோ. 'வி' என்றால் மேற்குக் கரை, 'ஏ' என்றால் கிழக்குக் கோடி நியூஃபவுண்ட்லாந்து, 'எக்ஸ்' என்றால் பனிப் பிரதேசம். நத்தார் தாத்தாவுக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: எச்0எச் 0எச்0, ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய 'ஹோ ஹோ ஹோ' சிரிப்பு. பிள்ளைகள் அதற்கு எழுதினால் தபால் திணைக்களத்திலிருந்து பதில் வருமாம். தம்பிக்குச் சொல்லுங்கள், சிரிப்பான்.

என் வரிசையில் ஒரு பஞ்சாபி மாணவன், எரித்திரியாக்காரர் ஒருவர், வல்வெட்டித்துறை அண்ணை ஒருவர். அண்ணைதான் எனக்கு வேலை பழக்கினார். பெட்டி வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், திரும்பும்போது இடுப்பு திரும்பாமல் பாதம் திரும்ப வேண்டும் என்றார். அடிபட்டால் சிறியது என்று விடாமல் அன்றைக்கே எழுத்தில் கொடு என்றார். எழுதாத காயத்துக்கு இங்கே மதிப்பில்லை. வேலைக்கு எடுத்தது கொம்பனி இல்லை, இடையில் ஒரு ஏஜென்சி. முதல் சம்பளத்தில் சில மணித்தியாலங்களைக் காணவில்லை. கேட்டால் "அடுத்த முறை பார்ப்போம்" என்கிறார்கள். அண்ணை சொன்னபடி, உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. காசு இன்னும் வரவில்லை.

மணித்தியாலத்துக்கு 17.20 டொலர், ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த சம்பளம். அம்மா அதை 200 ஆல் பெருக்கிப் பார்ப்பார் என்று தெரியும். வாடகையையும் அப்படியே பெருக்கச் சொல்லுங்கள். இந்த நிலக்கீழ் அறைக்கு மட்டும் மாதம் 700 டொலர்.

தம்பி படிப்பை விட்டுவிட்டு வரப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். மின்னியல் பாடநெறியை முடிக்கட்டும். இங்கே கைத்தொழில் தெரிந்தவனுக்கும் என்னைப் போன்றவனுக்கும் சம்பளத்தில் உள்ள இடைவெளியை ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன். வரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், தான் ஏறிய ஏணியை உதைக்கிறான் என்று நினைப்பான். சான்றிதழோடு வரட்டும்.

நத்தார் முடிந்ததும் ஆட்களைக் குறைப்பார்களாம். பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டப் பழகினால் வேலையில் வைத்திருப்பார்கள் என்று அண்ணை சொல்கிறார். ஜனவரியில் அதற்குப் பணம் கட்டப்போகிறேன். ஆகையால் இந்த மாதம் அனுப்பியதில் கிணற்று மோட்டரை மட்டும் திருத்துங்கள், மதில் வேலை மாசிக்குப் பிறகு பார்ப்போம். அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஆலையிலிருந்து வந்ததும் இரவில் முதுகுக்கு ஏதோ எண்ணெய் சூடாக்கித் தேய்ப்பீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அது என்ன எண்ணெய், என்ன போட்டுக் காய்ச்சினீர்கள் என்று எழுதுங்கள். சித்தாலேப தைலம் இங்கே தமிழ்க் கடையிலேயே இருக்கிறது, அதை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்