பெயர் போடாத நன்றி மடல்

என் கணவரின் கூட்டத்து நண்பர்களுக்கும், என் கூட்டத்து அக்கா தங்கைகளுக்கும், கூடவே நின்ற இன்னும் சிலருக்கும்,

வணக்கம். இந்த மடலில் உங்கள் யாருடைய பெயரும் இருக்காது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்பது உங்கள் வழக்கம். அந்த நம்பிக்கையில்தான் என் கணவரும் முதல்நாள் படியேறினார். ஆனாலும் எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. குடிநோய் வீட்டுக்குள் இருந்தவரை எல்லாவற்றையும் மறைத்தே வாழ்ந்தோம். நன்றியையும் மறைத்து வைக்க மனசு வரவில்லை.

முதலில் டாக்டருக்கும் வார்டு நர்ஸ்களுக்கும். "இனிமே ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்று அவர் வீட்டிலேயே சபதம் போட்டபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நீங்கள்தான் பதறினீர்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு. சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கு அடுத்து நடுக்கமும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லி அட்மிட் செய்தீர்கள். சொன்னபடியே மூன்றாம் நாள் ராத்திரி, போர்வை முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்று விடிய விடிய உதறிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்த ராத்திரி எங்கள் வீட்டில் வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டின் அடியில் கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தீர்கள் டாக்டர். ஏதோ ஆறுதலுக்கு எழுதினீர்கள் என்றுதான் நினைத்தேன். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். நோயாளியை இந்த மாதிரிக் கூட்டத்தோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, குடிக்காமலே தொடர்வதற்கு மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட அதிகம் கைகொடுக்கிறது என்று அதில் கண்டிருக்கிறார்கள். கூட்டத்தையும் மாத்திரையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாமல் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அண்ணா, இப்போது உங்களுக்கு. கூட்டத்திலிருந்து அவரைப் பார்க்க வார்டுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அறிவுரையே சொல்லவில்லை. நீங்கள் எங்கெங்கே பாட்டிலை ஒளித்து வைத்தீர்கள், யாரிடம் என்ன பொய் சொன்னீர்கள், எப்படி வேலை போனது என்று உங்கள் கதையை மட்டும் சொன்னீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் மெதுவாக உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் போன பிறகு என்னிடம், "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வாசலில் நான் கைகூப்பியபோது, "எனக்கு எதுக்கும்மா நன்றி? இங்க வந்து உக்காந்தா இன்னைக்கு நான் குடிக்காம இருப்பேன்" என்றீர்கள். பணிவுக்குச் சொல்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் இயக்கத்தின் கதை தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு விளங்கியது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வேலையாகப் போயிருந்தார் பில் வில்சன். போன காரியம் கைகூடவில்லை. குடிக்கும் ஆசை தலைதூக்கியது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிப்போம் என்று தேடி அலைந்து, பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கிருந்துதான் பிறந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனவர் இன்னொருவரையும் கரையேற்றினார். நீங்கள் வார்டுக்கு வந்ததும் அப்படித்தான். இருந்தாலும் அண்ணா, நேரம் காலம் பார்க்காமல் வந்தது நீங்கள். நன்றியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நடுவில் ஒரு சறுக்கல் வந்தது. "அவ்வளவுதான், இனி இவர் தேற மாட்டார்" என்று சொந்தக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். கூட்டத்துக்குப் போகவே அவர் கூசினார். போனதும் உங்களில் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்து, "வாங்க, உக்காருங்க" என்றாராம். அவர் நடந்ததைச் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான்: "அன்னைக்கு யாருக்காவது போன் பண்ணீங்களா?" இல்லை என்றதும், "அடுத்த தடவை கிளாஸைத் தொடறதுக்கு முன்னாடி பண்ணுங்க. தொட்டுட்டா அப்பவும் பண்ணுங்க." அன்றே ஒரு தாளை எல்லார் கைக்கும் அனுப்பி, ஆளுக்கொரு பேனாவில் நம்பர் எழுதிக் கொடுத்தீர்கள். பர்ஸில் இருந்த அந்தத் தாள் மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, இன்னும் அங்கேயே இருக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு — ஆசை வரும்போது இந்த நாலில் எது என்று முதலில் பார்க்கச் சொன்னீர்களாம். பெரும்பாலும் களைப்புதான் என்கிறார். இப்போது அவர் முகத்தைப் பார்த்தே எனக்கும் தெரிகிறது.

அக்கா, என்னைக் கவனிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தது நீங்கள். வீட்டு ஆட்களுக்கென்று ஒரு கூட்டம் இருப்பதோ, அல்அனான் என்ற பெயரில் 1951இலேயே அது தொடங்கிவிட்டது என்பதோ எனக்குத் தெரியாது. "இதை நீ உண்டாக்கல. உன்னால அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது" என்று நீங்கள் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் பட்ட பாடு வீணா என்று இருந்தது. அப்புறம் அழுதேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். அவருக்காகப் பொய் லீவு சொல்லவேண்டாம், பாட்டில் தேடி அலமாரியைக் குடையவேண்டாம் என்று ஒவ்வொன்றாக என் கையிலிருந்து வாங்கி வைத்தீர்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் என்னைப் பாவம் என்று பார்க்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆபீஸ் பார்ட்டிகளில் தானும் சோடாவோடு அவர் பக்கத்திலேயே நின்ற நண்பருக்கும், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைக்கூடப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. நீங்கள் இருவருமே காரணம் கேட்கவில்லை.

அண்ணா, புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் தாளில் தன் நம்பரையும் சேர்க்கச் சொல்லி என் கணவர் சொல்லியிருக்கிறார். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் எடுக்காவிட்டால் நான் எழுப்பிவிடுகிறேன். அக்கா, போன வாரம் கடைசி வரிசையில் பேசாமலே உட்கார்ந்துவிட்டுப் போன பெண் மறுபடி வந்தால், என் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி