இரைச்சல்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவோட '72 சீசன்ஸ்' ஆல்பத்தை உங்க இணைப்புல நாலே வரில இரைச்சல்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு பாம்பன் டீக்கடையில எங்களுக்குள்ள ஒரே சண்டை. அந்த ஆல்பம் வந்தது 2023 ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு, மறுநாள்லேந்து மீன்பிடி தடைக்காலம், 61 நாளு விசைப்படகெல்லாம் சும்மா கட்டிக்கிடக்கும், கிழிஞ்ச வலையைப் பின்னிக்கிட்டே ஒரு சின்ன ஸ்பீக்கர்ல அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டோம்.

குறையே இல்லைன்னு சொல்லல. 12 பாட்டு, 77 நிமிஷம், நடுவுல ரெண்டு மூணை வெட்டியிருந்தா ஒண்ணும் கெட்டிருக்காது, ரசிகர்கள் நிறைய பேரு இதைத்தான் சொன்னாங்க. ஆனா அதுல 'லக்ஸ் எட்டர்னா'ங்கிற பாட்டு மூணரை நிமிஷத்துக்குள்ள பறக்குது, கடைசில வர்ற 'இனமொராட்டா' 11 நிமிஷம், அவங்க சொந்தமா போட்ட பாட்டுலயே அதான் நீளம், நடுவுல கிட்டாரெல்லாம் அடங்கி ட்ருஹியோவோட பேஸ் கிட்டார் மட்டும் தனியா வரும் பாருங்க, கடல்ல எஞ்சினை ஆஃப் பண்ணதும் படகு மட்டும் மெல்ல ஆடுமே அந்த மாதிரி. இதுவா இரைச்சல்? 2003ல வந்த அவங்க 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தோட டிரம்ஸை தகர டின்னுன்னு திட்டுனா நானும் கூடச் சேந்து திட்டுவேன், அது வேற.

வருசத்துக்கு நாலு பருவம், அப்போ 72 சீசன்னா மனுசனோட முதல் 18 வருசம்னு குழுவோட பாடகர் ஹெட்ஃபீல்டே சொல்லியிருக்காரு, அதைக்கூட எழுதல. எழுதுனவர் முழுசா கேட்டாரான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க.

பாம்பன் வாசகன்